யார் யாரைக் கழற்றி விட்டது

ஆதிகேசவனுக்கு வாழ்க்கையில் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயங்கள் கொஞ்சம்தான். தன்னை டீமிலிருந்து கழற்றி விட்டார்கள் என்பது அதில் ஒன்று. கழற்றி விட்ட மகானுபாவர் மேனேஜர் கோதண்டராமன் என்பது இன்னொன்று. சாமி உண்டா இல்லையா என்றுகூட அவர் சில நாள் யோசித்ததுண்டு. இந்த இரண்டைப் பற்றி முப்பது வருஷமாக யோசித்ததே இல்லை.

ஆகவே மகள் அனுஷா செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஏம்பா ஆட்டத்த நிறுத்தினே?" என்று கேட்டபோது பதில் தயாராக இருந்தது.

"நான் எங்க நிறுத்தினேன்? கழட்டி வுட்டுட்டாங்க. கோதண்டராமன் கழட்டி வுட்டாரு. ஒரு வார்த்த சொல்லல. ஆள வூட்டுக்கு அனுப்பி பனியன வாங்கினாரு, அவ்ளோதான்."

"பங்ஷன்ல போடப் போறாங்கப்பா. ஸ்வல்ப, கொஞ்சம் பாத்துப் பேசு."

"உண்மையத்தானே பேசறேன். போடட்டும்."

அவர் பாஸ்கெட்பால் ஆடிய ஈகிள் கிளப்புக்கு இது ஐம்பதாவது வருஷம், அதற்கு ஒரு பங்ஷன். பழைய ஆட்டக்காரர்கள் தங்கள் வாழ்க்கையையும் ஆட்டத்தையும் பற்றிக் கொஞ்ச நேரம் பேசி வீடியோ அனுப்ப வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்கள். யாரோ அனுஷாவின் நம்பரைத் தேடிப் பிடித்து அவளையும் அந்தக் குரூப்பில் சேர்த்திருந்தார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வீடியோவை வெட்டி ஒட்டுவதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவள் எதையும் வெட்டவில்லை. அப்பா பேசியதைப் பேசியபடியே அனுப்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று ஆதிகேசவன் கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமே இல்லை. இந்தக் கதையின் கோளாறே அதுதான்.

ஆதிகேசவன் ஆறடி நாலங்குலம். பதினெட்டு வயதில், கூரை இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் நின்றவரைக் கோதண்டராமன் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கி மைதானத்துக்கு இழுத்துப் போனார். அதுவரை அவர் பாஸ்கெட்பாலைக் கையால் தொட்டதில்லை. ஸ்ரீராம்புரத்தில் "லைட் கம்பம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், அவர் மாநில டீமுக்கு ஆடிவிட்டு வந்ததும் "நம்ம ஆதி" என்றார்கள். பிவட் என்று சொல்வார்கள், வளையத்துக்குக் கீழே முதுகைக் காட்டி நின்று, இடிபட்டு, மிதிபட்டு, தவறி விழும் பந்தையெல்லாம் பிடிக்க வேண்டிய இடம். அந்த இடத்தில் அவரை அசைக்க ஆளில்லை. இன்னும் ஒரு வருஷம் ஆடினால் ஏதாவது ஒரு பாங்க்கில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு வருஷம்தான் வரவில்லை. ஆடும் காலத்திலேயே பீன்யாவில் லேத் பட்டறையில் சேர்ந்தவர், ஐம்பத்தேழு வயதில் இன்னும் அங்கேதான் ஸ்டோர் பார்க்கிறார்.

கழற்றி விடும் வழக்கத்தைச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஈகிள் கிளப்பில் யாரையும் "நீ வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். போட்டிக்கு முன்னால் ஒரு ஆள் வீட்டுக்கு வருவான், பனியனை வாங்கிக்கொண்டு போவான். புரிந்துகொள்ள வேண்டியது. அதே மாதிரி, வேறு டீமுக்குத் தாவுகிறவனும் நேரில் வந்து சொல்ல மாட்டான். பனியன், டிராயர், கிளப் கொடுத்த ஷூ எல்லாவற்றையும் பையில் போட்டு யார் கையிலாவது கொடுத்து அனுப்பிவிடுவான். அதையும் புரிந்துகொள்ள வேண்டியது. மைதானத்தில் மோதி மூக்கை உடைத்துக்கொள்கிற ஆண் சிங்கங்களுக்கு, முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்ல மட்டும் தைரியம் கிடையாது.

தொண்ணூற்றைந்தில், தலை தீபாவளி முடிந்து சரசுவோடு குடியாத்தத்திலிருந்து திரும்பிய வாரம் அது. முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த ஆதிகேசவன், ஆணியில் மாட்டியிருந்த பையைக் காணாமல் கேட்டார்.

"கிளப்புலேர்ந்து ஆள் வந்தாங்க. குடுத்து அனுப்பிட்டேன்" என்றாள் புது மனைவி, ஏதோ நல்ல காரியம் செய்தவள் மாதிரி.

அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அந்த மாதம்தான் ரவிக்குமார் என்று ஒரு காலேஜ் பையன் கிளப்புக்கு வந்திருந்தான், அவரைவிட உயரம். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் கணக்குச் சரியாக வந்தது. ஆனால் மற்றவர்களிடம் பனியனை மட்டும்தான் வாங்குவார்கள். தன்னிடம் ஷூவைக்கூட விடாமல் பையோடு உருவிக்கொண்டு போய்விட்டார்களே என்று நெஞ்சு எரிந்தது. அடுத்த நாள் மைதானத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஒரு நாள் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ரவிக்குமார் "ஆதியண்ணா!" என்று கையை ஆட்டிக்கொண்டு வந்தான். ஆதிகேசவன் கிடைத்த பஸ்ஸில் ஏறி எங்கேயோ போய் இறங்கினார்.

நியாயமாக அந்தக் கசப்பு அவரோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. அனுஷா எட்டாவது படிக்கும்போதே ஐந்தரை அடி. பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் வீடு தேடி வந்து, "சார், உங்க பொண்ணு பந்தைப் பிடிக்கற கையே தனி. ஜில்லா டீமுக்கு அனுப்பறேன், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். ஆதிகேசவன் போடவில்லை. "நாளைக்கு எவனோ வந்து உன் பனியன வாங்கினு போவான். அந்த அவமானம் உனக்கு வேணாம்" என்று மகளிடம் சொன்னார். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை, அவரும் எடுக்கவில்லை. இதெல்லாம் பழைய கதை, மகள் மறந்திருப்பாள் என்பது அவர் எண்ணம்.

வீடியோ போன மறுநாள் சாயங்காலம் அவர் பட்டறையிலிருந்து திரும்பியதும் அனுஷா போனை நீட்டினாள். "கோதண்டம் அங்கிள் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காரு. குரூப்புலயே."

கிழக்குரல், ஆனால் மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்கிற அதே அதட்டல்.

"டேய் ஆதி! நான் கழட்டி வுட்டேனா? நானா? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறியே, இன்னா தைரியம்டா உனக்கு! போனவன் நீ. மரியாதையா போனானேன்னுதான் இத்தன வருஷம் வாய மூடிகினு இருந்தேன். லிங்கராஜபுரத்துலதான் இருக்கேன், சாவல. ஆம்பளயா இருந்தா நேர்ல வந்து சொல்லு!"

ஆதிகேசவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. பொய் சொல்கிறவன் இப்படி நேரில் வா என்று கூப்பிட மாட்டான் என்று அவருக்கே தோன்றியது.

"நான் எங்கடி போனேன்?" என்று சரசுவிடம் கேட்டார்.

சரசு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நீங்களாதானே வுட்டீங்க? கல்யாணமாச்சு, இனிமே ஆட்டம் போதும்னு. எங்கம்மாகிட்ட எவ்ளோ பெருமையா சொன்னேன், மாப்பிள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சின்னு."

"நான் எப்ப அப்டி சொன்னேன்?"

"நீங்க எதத்தான் சொன்னீங்க? நானா புரிஞ்சிகினேன்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆனது ஆதிகேசவனுக்கு. கிளப் தன்னை விட்டது என்று இவர், இவர் கிளப்பை விட்டார் என்று கோதண்டராமன், ஆட்டத்தையே விட்டார் என்று பெண்டாட்டி. ஒரே ஆள், ஒரே வாரம், மூன்று கதை. அந்த வாரம் பட்டறையில் போல்ட் கேட்டவனுக்கு நட்டைக் கொடுத்தார். ஒருவேளை தானே எங்காவது, யாரிடமாவது, "போகிறேன்" என்று சொல்லித் தொலைத்தோமோ என்று பஸ்ஸில் உட்கார்ந்து தன் வாயையே சந்தேகப்பட்டார். கழற்றி விடப்பட்டவன் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஆதிகேசவன். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுஷா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றாள். "ஏறுப்பா. போய்க் கேட்டுடலாம்."

"ஹோக்லி, போவட்டும் வுடு. வயசானவரு, ஏதோ பேசறாரு."

"எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள் அவள். அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியவில்லை. ஏறிக்கொண்டார். அவருடைய முழங்கால்கள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு, ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்கள்.

லிங்கராஜபுரத்தில் கோதண்டராமனின் வீடு ஒரு சர்ச்சுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. கதவைத் திறந்தவர் சுருங்கிப்போன கிழவர், பனியனும் வேட்டியும். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி மேலே, இன்னும் மேலே பார்த்தார். வா என்று சொல்லவில்லை.

"குனிஞ்சு வா. நெலவாசல் இடிக்கும்" என்றார்.

அதைக் கேட்டதும் ஆதிகேசவனுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்ட வந்த இடத்தில் கண் கலங்குவது என்ன அசிங்கம் என்று தொண்டையைச் செருமினார்.

"பனியன வாங்கறதுக்கு ஆள் அனுப்பினீங்களா இல்லயா, கோதண்டண்ணா?"

"அனுப்பினேன்."

"பாத்தியா!" என்று மகளிடம் திரும்பினார்.

"டேய், முழுசா கேள்டா. எல்லார் பனியனையும்தான் வாங்கியாரச் சொன்னேன். புதுசா ஒரு கம்பெனி டோர்னமென்டுக்கு செலவு பண்றேன்னான். அவன் பேர முதுகுல அடிக்கணும், பன்னண்டு பனியனும் வேணும். பனியன் மட்டும்! பதினோரு பேர் பனியன் மட்டும் வந்துச்சு. உன் வூட்லேர்ந்து இன்னா வந்துச்சு?"

"இன்னா வந்துச்சு?"

"பை வந்துச்சு. பனியன், டிராயர், ஷூ, சாக்ஸு, முட்டிக்குப் போடற கேப்பு. எல்லாம் தொவச்சி, மடிச்சி, ஷூவ தொடச்சி. கிளப்போட ஒரு நூல்கூட உன் வூட்ல இருக்கக்கூடாதுன்னு அனுப்பியிருந்தே. அது மட்டுமா? மேல ஒரு பொட்டலம். அதிரசம்! ஸ்வீட் வெச்சி அனுப்பியிருக்கான்டா, எவ்ளோ சந்தோசமா போறான் பாருடானு பசங்க சொன்னானுங்க. அந்த பாங்க் டீம்காரன் வேற உன்ன சுத்திகினு இருந்தான். நான் இன்னா நெனைக்கறது?"

ஆதிகேசவன் மகளைப் பார்த்தார். அதிரசமா? எந்த அதிரசம்? கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டதா, தனக்கா?

அனுஷா அதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

"அம்மா, ரொம்ப முன்னாடி, அப்பாவோட கிளப்புலேர்ந்து ஒரு ஆள் வந்தான்ல, அவன் இன்னா கேட்டான்?"

"பனியன் கேட்டான். முதுகுல ஏதோ எழுதணுமாம்" என்றது சரசுவின் குரல், நேற்று நடந்த மாதிரி.

"நீ இன்னா குடுத்தே?"

"பனியன மட்டும் எப்டிடி ஒரு ஆம்பள கைல குடுக்கறது, பிச்ச போடற மாதிரி? புதுசா வந்த பொண்ணு, நம்ம வூட்ட பத்தி இன்னா நெனப்பாங்க? அன்னிக்குத்தான் எல்லாத்தயும் தொவச்சி வெச்சிருந்தேன். பையோட குடுத்தேன். வெறுமனே அனுப்பக்கூடாதுன்னு அம்மா செஞ்சு குடுத்த அதிரசத்த மேல வெச்சேன். ஏன் கேக்கற? சாப்ட்டாங்களாமா?"

சர்ச்சில் பாட்டு முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற சத்தம் கேட்டது.

"சாப்ட்டோம்மா" என்றார் கோதண்டராமன் போனை நோக்கிக் குனிந்து. "டீமே உக்காந்து சாப்ட்டோம். எழவு வூட்ல சாப்பிடற மாதிரி."

பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கடைசியில் எதுவென்று தெரியாமல் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆதிகேசவனும் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் போனது, முகம் ஒரு பக்கம் போனது.

"ஒரு ஆள அனுப்பிக் கேட்டிருக்கலாமேண்ணா" என்றார்.

"நீ ஒரு நட வந்து கேட்டிருக்கலாமேடா! நாலடில மைதானம், உன் கால் நீளத்துக்கு!" கிழவர் மூச்சு வாங்கினார். "உன் பதிமூணாம் நம்பர ரெண்டு சீசன் யாருக்கும் குடுக்கலடா. அப்பல்லாம் நாலுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும்தானே நம்பர். ஒரு நம்பர காலியா வெச்சா ஒரு ஆள் கொறச்சல். பதினோரு பேரோட ஆடினோம். என்னிக்காவது வருவேன்னு பெஞ்சுல எடம் வெச்சிகினு இருந்தேன். பைத்தியக்காரன்."

காபி வந்தது, குடித்தார்கள். பேரன் பேத்தி, முட்டி வலி, செத்துப்போனவர்கள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஆதிகேசவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாரே தவிர ஒன்றும் மனசில் ஏறவில்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். அவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்காக இடம் வைத்துக் காத்திருந்தார்கள். ஆனால் முப்பது வருஷம் ஒரு மனுஷன்மேல் வைத்திருந்த கோபத்தைத் திடீரென்று கீழே இறக்கி வை என்றால் எங்கே வைப்பது? கோதண்டராமன்மேல் கோபப்பட முடியாது. குடும்ப மானத்துக்காக ஷூவைத் துடைத்து அதிரசம் வைத்த சரசுமேல் எப்படிக் கோபப்படுவது? பெயர் அடிக்கக் கொடுத்தவன் எங்கே இருக்கிறானோ. அந்த பாங்க் வேலை, அந்த மாநில டீம், அந்த வருஷங்கள் எல்லாம் யாரும் பறிக்காமலே போயிருக்கின்றன. பறிகொடுத்தவனாகவாவது இருந்தார், இப்போது அதுவும் இல்லை.

கிளம்பும்போது, "பங்ஷனுக்கு வந்துடு" என்றார் கோதண்டராமன். "வரேண்ணா" என்று சொல்லிவிட்டு நிலைவாசலில் நன்றாக இடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அனுஷா மேம்பாலத்தைத் தாண்டியதும் ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை ஓரம் கட்டி நிறுத்தினாள். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"இன்னா, பெட்ரோலா?"

"இல்ல."

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது அவருக்கு. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "பாத்தியா, யார் மேலயும் தப்பில்ல" என்றார். "கோதண்டண்ணா மேலயும் இல்ல, உங்கம்மா மேலயும் இல்ல. நான் என்னமோ நெனச்சிகினேன், அவரு என்னமோ நெனச்சிகினாரு. நடந்தது நடந்துபோச்சு. ஹோக்லி வுடு."

"உன்ன யாரும் கழட்டி விடலப்பா" என்றாள் அனுஷா.

"அதத்தான் நானும் சொல்றேன்."

"என்னத்தான் கழட்டி விட்டாங்க. நீதான் கழட்டி விட்டே."

இளநீர்க்காரன் இவர்களைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். ஆதிகேசவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி, கை கால்கள் அவளுக்கே அடங்காமல் வளர்ந்தவள், டீச்சர் போன பிறகும் வாசலில் நின்றுகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் மறக்கவில்லை. ஒரு நாள்கூட மறக்கவில்லை. வீடியோவை வெட்டாமல் அனுப்பியது கோதண்டராமன் பதில் சொல்லட்டும் என்றுதான் என்பது அவருக்கு இப்போதுதான் லேசாகப் புரிய ஆரம்பித்தது, புரிந்ததும் பயமாக இருந்தது. உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வந்தார். எந்த அவமானத்திலிருந்து அவளைக் காப்பாற்றினாரோ அந்த அவமானமே நடக்கவில்லை என்றால், அந்த நல்லது எது?

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவருடைய நெற்றி, அவருடைய தாடை, அதே இறுகிய வாய்.

"அன்னிக்கே நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா?" என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது. "ஏன்னு கேட்டு எங்கிட்ட சண்ட போட்டிருக்கலாமே?"

அனுஷாவுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"நீ கேட்டியாப்பா?" என்றாள்.